கண்ணாடி முனையில் அலுமினியப் பொடி

எங்கள் பக்கம் ஒருத்தி கம்பெனிக்குப் போகிறேன் என்று சொன்னால் எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்க மாட்டார்கள். பட்டாசுதான். தீப்பெட்டிக்குப் போகிறவள் தீப்பெட்டி ஆபீஸ் என்பாள், திருத்தங்கலில் அச்சு வேலைக்குப் போகிறவள் பிரஸ் என்பாள். நான் போவது இந்த மூன்றிலும் சேராது என்பதால் எனக்கு மட்டும் விளக்கம் சொல்லும் வேலை கூடுதலாக இருந்தது. இன்டர்நெட்டு வயரு இருக்குல்ல, அதோட முனையைத் தேய்க்கிற கம்பெனி என்பேன். வயரைப் போய் எதற்குத் தேய்க்க வேண்டும் என்று கேட்பார்கள். அதற்கு மேல் எனக்குப் பொறுமை இருக்காது. உனக்கு நெட்டு வருதுல்ல, பேசாம பாரு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவேன்.

உண்மையில் அது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. அந்த வயருக்குள் இருப்பது செம்புக் கம்பி அல்ல, கண்ணாடி இழை. தலைமுடியை விடக் கொஞ்சம்தான் பருமன். அதற்குள் வெளிச்சம் ஓடுகிறது. ஒரு வயரை இன்னொரு வயரோடு சேர்க்கிற இடத்தில் இரண்டு கண்ணாடி முனைகளும் முகத்தோடு முகம் ஒட்ட வேண்டும். அதற்காக இழையை ஒரு சின்ன வெள்ளைப் பீங்கான் குச்சியின் ஓட்டைக்குள் பசை வைத்து நுழைத்து, சூட்டில் காயவைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கிள்ளி எறிவோம். பிறகு மெஷினில் மாட்டி, சொரசொரப்பான தாளில் தொடங்கி, வரவர மெல்லிய தாளாக மாற்றி மாற்றித் தேய்ப்போம். பீங்கான் குச்சியும் அதன் மேல் மாட்டுகிற உறையும் சேர்ந்ததற்குத்தான் கனெக்டர் என்று பெயர்.

தேய்த்தது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கனெக்டரை, பெரிதாக்கிக் காட்டுகிற ஸ்கோப்பில் சொருகினால், முன்னால் இருக்கிற திரையில் அதன் முனை சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரியும். சாம்பல் நிற வட்டம், அதன் நடுவில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டு வழியாகத்தான் வெளிச்சம் போகும். அதன் மேல் ஒரு கீறல் இருந்தால் ரிஜெக்ட். தப்பித்ததை அளவெடுக்கிற மெஷினுக்கு அனுப்புவேன். முனை எவ்வளவு வளைந்திருக்கிறது, அதன் உச்சி நடுவில்தான் இருக்கிறதா என்று அது சொல்லும். குடத்துத் தண்ணீரில் சொட்டு விழுந்தால் வருகிற மாதிரி திரையில் வளையங்கள் வரும். வளையத்தின் மையமும் இழையும் ஒரே இடத்தில் நின்றால் பாஸ்.

உள்ளே போகும்போது வெள்ளைக் கோட்டு, தொப்பி, முகமூடி, துணிச் செருப்பு. பவுடர் பூசக் கூடாது, கண் மை கூடாது, பூ கூடாது. மல்லிகைப்பூ வைத்து வந்த ஒருத்தியை வாசலிலேயே நிறுத்திப் பூவைக் கழற்ற வைத்தார்கள், அவள் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. எல்லாரும் ஆபரேஷன் பண்ணப் போகிற டாக்டர்கள் மாதிரி இருப்போம். சம்பளம் மட்டும் அப்படி இருக்காது. ஆனாலும் ஏசி ரூம், உட்கார்ந்து பார்க்கிற வேலை, பட்டாசு மருந்து வாடை கிடையாது. எனக்கு அது போதும்.

வேலைக்கு எடுக்கும்போது ஆபீஸ் மேடம் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே, வீட்டில் யாராவது பட்டாசு வேலைக்குப் போகிறார்களா என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, போகிறார்கள் என்று சொன்னால் எடுக்க மாட்டார்களாம் என்று ஒரு பேச்சு ஓடியிருந்தது. யார் கிளப்பியது என்பது கடவுளுக்கே வெளிச்சம். அம்மா வீட்லதான் இருக்காங்க மேடம் என்று சொன்னேன். அந்த நேரத்தில் அம்மா சாத்தூருக்கு மேற்கே ஒரு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. என்னைக் காலேஜ் வரை படிக்க வைத்தது அந்தப் புஸ்வாணம்தான். புஸ்வாணம் வெள்ளையாகப் பூத்துக் கொட்டுகிறதே, அதற்குக் காரணம் அலுமினியப் பொடி. மைதா மாவை விட நைசாக இருக்கும், வெள்ளி மாதிரி மின்னும். வெறும் தண்ணீருக்கு அசையாது. அம்மா வந்ததும் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, சோப்பைப் போட்டு, பீர்க்கங்கூட்டால் கையைத் தோல் சிவக்கத் தேய்ப்பாள். அப்படியும் நகக்கண்ணிலும் காதுக்குப் பின்னாலும் வகிட்டிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். சின்ன வயதில் அவள் எனக்குத் தலை சீவிவிட்டால் என் நெற்றியும் மினுங்கும். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் நெற்றி அப்படித்தான் இருந்தது, அதனால் யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு அந்த வேலை பிடிக்கும். இதை நான் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். மருந்து அடைக்கிற ரூம் ஒன்றில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, அந்த நாலு பேரும் பல வருசமாக மாறாமல் இருந்தார்கள். மருமகளைத் திட்டுவது, போர்மேனைக் கிண்டல் செய்வது, ஒருத்தி கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை நாலு பேரும் பங்கு போடுவது, எல்லாம் அங்கேதான். சாயங்காலம் அந்தக் கதைகளை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சினிமாக்காரர்கள் கதையை விட எனக்கு அந்த மூன்று பெண்களின் குடும்பக் கதை நன்றாகத் தெரியும்.

போன தீபாவளிக்கு முந்தின சீசனில்தான் அது திரையில் வந்தது. நான் சேர்ந்து பயிற்சிக் காலம் முடிகிற நேரம். அந்த சீசன் முடிவதற்குள் என்னை நிரந்தரம் ஆக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு கனெக்டரையும் பார்த்தது யார் என்பது பெட்டியில் பதிந்திருக்கும், ஒன்று திரும்பி வந்தாலும் நேராக அவளிடம்தான் வந்து நிற்கும். அதனால் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்க்கும்போது, ஒரு கனெக்டரின் வட்டத்துக்குள் சின்னதாக ஒரு துணுக்கு. சாதாரணத் தூசி திரையில் கறுப்பாகத் தெரியும். இது வெள்ளையாக மின்னியது.

எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அம்மாவின் நகக்கண்ணை இவ்வளவு பெரிதாக யாரோ படம் பிடித்துப் போட்ட மாதிரி இருந்தது. முகமூடிக்குள் என் முகம் சூடாகிவிட்டது. வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன். யாரும் என் திரையைப் பார்க்கவில்லை. துடைக்கிற தாளில் ஸ்பிரிட் விட்டு முனையைத் துடைத்து, மறுபடி சொருகிப் பார்த்தேன். போய்விட்டது. பாஸ் போட்டு அனுப்பிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்ததை எடுத்தேன்.

அதற்கு அப்புறம் அவ்வப்போது வந்தது. நான் அவ்வப்போது துடைத்தேன். தூசி வந்தால் லைன் லீடரிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம், எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் தேடுவார்கள். நான் சொல்லவில்லை. தேடிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் நின்றால் என்ன செய்வது? சரக்கு வாங்குகிற இடத்திலிருந்து ஒரு லோடு திரும்பி வரும் வரைக்கும் இப்படியே ஓடியது. அந்தத் துணுக்கு முனையில் இருக்கும்போதே இரண்டு கனெக்டர்களை அழுத்திச் சேர்த்தால், அது கண்ணாடிக்குள் புதைந்து குழி விழுந்துவிடும். அப்புறம் துடைத்தும் பயன் இல்லை. நான் துடைத்து அனுப்பியதிலும் மூடி போடுவதற்குள் அது மறுபடி ஒட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்த பெட்டிகளில் என்னுடையதும் இருந்தது, மற்றவர்களுடையதும் இருந்தது.

எங்கள் குவாலிட்டி சார் ஓசூர்ப் பக்கத்துக்காரர். என்னை விடச் சின்னப் பையன்தான், ஆனால் சார். எங்களை எல்லாம் மேடம் என்றுதான் கூப்பிடுவார், கோபம் வந்தாலும் மேடம்தான். அவர் ஏசி ஃபில்ட்டரைக் கழற்றிப் பார்த்தார். தேய்க்கிற தாளை மாற்றினார். மெஷினின் இரும்பு தேய்ந்து உதிர்கிறதா என்று நாள்கணக்கில் குனிந்து பார்த்தார். கடைசியில் எங்கள் எல்லாரையும் சாப்பாட்டு ஹாலில் உட்கார வைத்து, பெரிய டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்.

அவ்வளவு பெரிதாக நானே அதைப் பார்த்ததில்லை. சுவர் அகலத்துக்கு ஒரு சாம்பல் வட்டம், அதில் அம்மாவின் பொடி.

"இது என்னன்னு யாருக்காவது தெரியுமா மேடம்? தப்பா சொன்னாலும் பரவால்ல," என்றார்.

ஹால் நிறையப் பெண்கள். சாத்தூர், திருத்தங்கல், அச்சங்குளம், இடையில் இருக்கிற எல்லா ஊரும் அங்கே இருந்தது. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. இப்போது எல்லாரும் என் பக்கம் திரும்பப் போகிறார்கள், இவள் அம்மாதான் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள் என்று சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். குனிந்ததில் பக்கத்தில் இருந்தவர்களின் கைகள் தெரிந்தன. எல்லாரும் தங்கள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஏன் என்று அப்போது யோசிக்கிற நிலையில் நான் இல்லை. சார் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, டிவியை அணைத்துவிட்டுப் போனார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் கம்பெனி உடுப்பை அம்மாவின் துணியோடு நனைக்காமல் தனி வாளியில் நனைத்தேன். காய்ந்ததும் பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டு ஆணியில் உயரமாக மாட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்தால் தெரியாது என்று நினைக்க அவள் என்ன பக்கத்து வீட்டுக்காரியா, என்னைப் பெற்றவள். என்ன விஷயம் என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். எரிச்சலில் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஒரு வட்டம் போட்டு, நடுவில் பொட்டு வைத்து, ஓரத்தில் புள்ளி புள்ளியாகக் குத்திக் காட்டினேன். இது வந்தா ரிஜெக்ட்டு, இது நின்னாத்தான் எனக்கு வேலை நிக்கும் என்றேன்.

அவள் அந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பேனா மைப் புள்ளியில் என்ன தெரிந்துவிடப் போகிறது.

"மினுங்குதா?"

"மினுங்குது."

"அப்ப எங்க பொடிதான அது." தாளை மடித்தாள். "என் மேல இருந்து ஒட்டிக்கிட்டு வருதோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது நிதானமாகச் சொல்லியிருக்கலாம். நான் "எனக்கு என்னமா தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனேன். அந்தப் பதிலுக்கு ஆமாம் என்றுதான் அர்த்தம், அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை நான் கிளம்பும்போது அம்மா வேலைக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தாள். முட்டி வலிக்கிறது என்றாள். சாயங்காலம் வந்தபோது, இனிமேல் போகவே போவதில்லை, போர்மேனிடம் ஆள் சொல்லி அனுப்பிவிட்டேன் என்றாள். சீசன் நேரத்தில் பட்டாசு வேலையை விடுகிறவள் எங்கள் பக்கத்தில் ஒருத்தியும் கிடையாது. வருசம் முழுக்க மூச்சைப் பிடித்து ஓடுவதே தீபாவளிக்குக் கிடைக்கிற போனஸுக்காகத்தான். முட்டி வலி வந்தால் போர்மேனைத் திட்டிக்கொண்டே காலை நீட்டி உட்கார்ந்து மருந்து அடைப்பாளே தவிர, வீட்டில் இருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியாதா. தெரியும். சரி, ரெஸ்ட் எடும்மா என்று மட்டும் சொன்னேன். நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்ததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அந்த நிம்மதிக்குத்தான் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவள் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டாள். வேலைக்குக் கட்டுகிற சேலைகளைத் துவைத்து, மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டாள். பானை, தட்டு, தலையணை உறை, சீப்பு என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கழுவித் தள்ளினாள். என் பக்கத்தில் ஃபேனுக்குக் கீழே படுக்கிறவள், பாயை எடுத்துக்கொண்டு போய் அடுப்படி வாசலில் போட்டாள். அங்கனதான் காத்து நல்லா வருது என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

அவளுடைய ரூம்காரப் பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார்கள். அவள் இடத்தில் வேறு ஊர்க்காரி ஒருத்தியை உட்கார வைத்துவிட்டார்கள், அவள் வாயே திறப்பதில்லை, பொழுதே போகவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். அம்மா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு, கழுவிய தட்டையே எடுத்து இன்னொரு தடவை கழுவினாள்.

தினமும் நான் செருப்பைக் கழற்றும்போதே அம்மா கேட்பாள், இன்னைக்குச் சுத்தமா வந்துச்சா என்று. முதலில் கொஞ்ச நாள் நிஜமாகவே சுத்தமாக வந்தது. வந்துச்சும்மா என்று சொன்னால் அவள் முகம் மலரும். பார்த்தியா என்று அடுப்படியைப் பார்த்துச் சொல்வாள், அங்கே யாரோ நிற்கிற மாதிரி. முன்பும் அது விட்டு விட்டுத்தான் வந்தது என்பதை மறந்து, நானும் அம்மாதான் காரணம், சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டேன்.

பிறகு ஒரு நாள் காலையில், சொருகிய முதல் கனெக்டரிலேயே மின்னியது.

அம்மா வேலையை விட்டு எவ்வளவோ நாள் ஆகிவிட்டது. வீட்டில் பொடி ஒட்டியிருக்க இடமே இல்லை. துடைத்தேன், போய்விட்டது. மறுநாளும் வந்தது. சாயங்காலம் அம்மா வழக்கம்போலக் கேட்டாள், இன்னைக்குச் சுத்தமா வந்துச்சா. வந்துச்சும்மா என்றேன். அன்றிலிருந்து தினமும் அதே கேள்வி, அதே பதில். ஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஊரில் இருக்கிற கீறலை எல்லாம் கண்டுபிடிக்கிறவள், வீட்டுக்கு வந்து பெற்ற தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

விஷயம் வெளியே வந்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், வந்த உடனே நின்றும் போகும். குவாலிட்டி சாரின் பைக் ஒரு நாள் காலையில் ரிப்பேர் ஆகி, வழியில் எங்களை ஏற்றி வருகிற வேனைக் கைகாட்டி ஏறிக்கொண்டார். கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தார். கறுப்பு பேண்ட். கம்பெனியில் இறங்கி எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பின்னால் போன எங்களுக்கு, அவர் உட்கார்ந்த பாகம் முழுக்கப் பளபளவென்று மின்னுவது தெரிந்தது. கல்யாண மாப்பிள்ளைக்கு ஜரிகை வைத்த மாதிரி. ஒருத்தி முகமூடியை இழுத்து மூடிக்கொண்டு குலுங்கினாள், அதைப் பார்த்து இன்னொருத்தி. ஆனால் யார் போய்ச் சொல்வது, எப்படிச் சொல்வது?

என் பக்கத்து ஸ்கோப்பில் உட்காருகிறவள் சாத்தூர் டவுன்காரி, வியாபாரக் குடும்பத்து முஸ்லிம் பெண். வாய் சும்மா இருக்காது அவளுக்கு. அவள்தான் ஓடிப்போய், "சார், கொஞ்சம் பின்னாடி தட்டி விட்டுட்டு உள்ள போங்க" என்றாள். சார் தட்டினார். கையைப் பார்த்தார். அப்படியே திரும்பி வேனைப் பார்த்தார். அவர் முகத்தில் பல்பு எரிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வேன் டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் ஒளிக்கவே இல்லை. காலையில் முதல் டிரிப் பட்டாசுக் கம்பெனி ஆட்களை அச்சங்குளம் பக்கம் இறக்கிவிட்டு, அதற்கு அப்புறம்தான் எங்களை ஏற்ற வருகிறார். சாயங்காலம் திரும்ப அதே மாதிரி. பின்ன என்ன, காலி வேனாவா ஓட்டச் சொல்றீக என்று அவர் திருப்பிக் கேட்டார். கிழிந்த சீட்டுக்குள் வருசக்கணக்கில் இறங்கியிருந்த பொடி, எங்கள் முதுகிலும் பின்கழுத்திலும் ஏறி, கோட்டுக்குள் நுழைந்து, கனெக்டர் வரைக்கும் வந்திருக்கிறது. நாங்கள் வீட்டில் குளித்துத் தேய்த்ததெல்லாம் அந்த வேனில் ஏறுகிற வரைக்கும்தான்.

வேனை மாற்றினார்கள். வாசலில் காற்று ஊதுகிற ஒரு அறை வைத்தார்கள். திரையில் மின்னுவது நின்றுவிட்டது. திரும்பி வந்த லோடுக்கு யார் மேலும் குற்றம் இல்லை என்று எழுதி, எங்களில் பயிற்சி முடிந்த எல்லாரையும் நிரந்தரம் ஆக்கினார்கள்.

புது வேனில் முதல் நாள் போனபோதுதான் வாய்கள் திறந்தன. யார் ஆரம்பித்தது என்று நினைவில்லை. எங்கப்பா பட்டாசுக் கம்பெனிதான் என்றாள் ஒருத்தி. எங்க மாமியா, எங்க மச்சினன், எங்க வீட்ல மூணு பேரு என்று வரிசையாக வந்தது. எல்லாரும் இன்டர்வியூவில் பொய் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் முதல் நாளே திரையில் அதை அடையாளம் கண்டிருந்தார்கள், எல்லாரும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் துடைத்திருந்தார்கள். பக்கத்து ஸ்கோப்புக்காரி மட்டும், எங்க வீட்ல யாரும் மருந்தையே தொட்டதில்ல தெரியுமா என்று பெருமையாகத் தொடங்கினாள். பிறகு குரலை இறக்கி, எங்கண்ணன் அலுமினியப் பொடி ஏஜென்ட்டு, ஹார்டுவேர் கடைன்னு சொல்லி வச்சிருக்கேன் என்றாள். வேனே அதிர்ந்தது சிரிப்பில். இத்தனைக்கும் அந்த ஆபீஸ் மேடம் கேட்டது, சீசன் நேரத்தில் வீட்டோடு சேர்ந்து பட்டாசுக்கு ஓடிவிடுவோமோ என்ற பயத்தில்தானாம். பொடியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஹாலில் எல்லாரும் ஏன் நகத்தைப் பார்த்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருத்தி, ஒரே ஒருத்தி, சார் இது அலுமினியப் பொடி, எங்க வீட்ல இருக்கு என்று அன்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வேன் வரைக்கும் போயிருக்கும். அந்த ஒருத்தி நானாக இருந்திருக்கலாம். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் அவர்கள் வீட்டில் அந்த அப்பாவும் மாமியாரும் அன்று காலையிலும் வேலைக்குப் போயிருந்தார்கள். என் வீட்டில் ஒருத்தி, கழுவின பானையைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நிரந்தரம் ஆனதை மட்டும் அன்றைக்கே சொன்னேன். வேன் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, நான் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தேன், அம்மா அடுப்படி வாசலில் தன் பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சார் பேண்ட்டு, சீட்டு, முதல் டிரிப்பு, எல்லாம். நீ வேலையை விட்ட பிறகும் மின்னிக்கிட்டுத்தான் இருந்துச்சு, நான்தான் உன்ட்ட பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். போனஸ் போச்சே என்பாள், என் இடத்துல வேற ஒருத்தி உக்காந்துட்டாளே என்பாள் என்று நினைத்தேன். திட்டினால் எனக்கும் நல்லது என்று இருந்தது.

அம்மா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"அப்ப நான் இல்லையா?"

"நீ இல்லம்மா."

"நல்லாத் தெரியுமா? என் சேலைல இருந்து, தலைல இருந்து ஒண்ணும் வரலையே?"

"வரலம்மா. வேன்ல இருந்துதான்."

அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவ்வளவு நாளும் அவள் அதைத்தான் மனதில் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தாள். மகள் வேலையை நான் அழுக்காக்கிவிட்டேன் என்று. நான் என் வெட்கத்தை மட்டும் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் ஒரு வெட்கம் இருந்ததும், அதை அவளுக்குக் கொடுத்தது நான் என்பதும் அந்தப் பெருமூச்சில்தான் தெரிந்தது.

தீபாவளி கழியட்டும், போர்மேன்ட்ட கேட்டுப் பாக்கணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே எழுந்தாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்து, அடுப்படி வாசலில் கிடந்த பாயைச் சுருட்டினாள். கொண்டுவந்து என் பக்கத்தில், ஃபேனுக்குக் கீழே உதறி விரித்தாள்.

"அங்கன காத்து வருதுன்னியேம்மா," என்றேன்.

"அங்கன என்னைக்குக் காத்து வந்துச்சு," என்று சொல்லிவிட்டு, முதுகை நீட்டிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.